முதல் ஓட்டத்தில் மூச்சுத் திணறிய 40 குதிரைவலு: திருகோணமலைக் கடலில் ஒரு புதுப் போட் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒரு யூலை மாதக் காலையில் திருக்கடலூர்க் கரையிலிருந்து 19 அடி ஃபைபர் போட் ஒன்று இரண்டு பேருடன் கிழக்கே புறப்பட்டது. போட் புதிது, பின்பலகையில் பூட்டிய 40 குதிரைவலு இரண்டடி (ரூ ஸ்ட்ரோக்) இஞ்சினும் புதிது. முதல் நாள் கரையை ஒட்டி ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். அன்றுதான் முதல் வெளிக்கடல் ஓட்டம். ஒன்பது கடல் மைல் வெளியே போய்ச் சூரைக்குத் தூண்டில் இழுத்துவிட்டுத் திரும்பும் வேளையில் இஞ்சின் நின்றது. ஐம்பது நிமிடம் காற்றோடு வெளியே மிதந்தார்கள். பிறகு தாங்களாகவே கரை சேர்ந்தார்கள். ஆளுக்கும் பொருளுக்கும் சேதம் இல்லை. ஆனாலும் ஒரு சிறு திருகு எப்படி அரை நாளைத் தின்றது என்பதும், திருகோணமலையின் கடல் அமைப்பு அந்தத் தவறை எப்படிப் பெரிதாக்கியது என்பதும் புதுப் போட் இறக்குகிற எவருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை.

கடலும் காற்றும்

கிழக்குக் கரையில் தொழிலுக்கு நல்ல காலம் சித்திரைக்குப் பிறகு புரட்டாதி வரை. வடகிழக்கு வாடைக்காற்று ஓய்ந்து தென்மேற்குச் சோளகம் பிடித்ததும் உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கம் கரையோரம் குளம்போலக் கிடக்கும். காரணம், அந்தக் காலத்தில் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. அலை எழும்புவதற்குக் காற்றுக்குத் திறந்த தண்ணீர்ப் பரப்பு வேண்டும். கரைக்கு அருகில் அந்தப் பரப்பு இல்லை, நான்கைந்து மைல் வெளியே போனால் இருக்கிறது. கரையில் நின்று கடலைப் பார்த்து நாள் பார்ப்பது வாடைக் காலத்துக்குச் சரியாக வரும், கச்சான் என்னும் இந்தத் தரைக்காற்று வீசும் மாதங்களில் பொய் சொல்லும்.

அதைவிட முக்கியமானது, இஞ்சின் நின்ற போட்டை வாடைக்காற்று கரைக்குத் தள்ளும், கச்சான் வங்காள விரிகுடாவுக்குள் தள்ளும்.

அடுத்தது ஆழம். கொட்டியாரக்குடாவுக்குள்ளேயே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு, வெளியே போகப் போக 3000 மீற்றரையும் தாண்டி இறங்குகிறது. மகாவலி கடலில் கலக்கும் இடத்தை அடுத்துத் தொடங்கும் இந்தப் பள்ளம்தான் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளியே நீலத் திமிங்கிலங்களைக் கரைக்கு இவ்வளவு கிட்டக் கொண்டுவருகிறது என்று சுற்றுலாப் போட்காரர் பெருமையாகச் சொல்வார்கள். சிறு போட்டுக்கு அதன் பொருள் வேறு. கோணேசர் மலையைத் தாண்டிக் கிழக்கே அரை மணி ஓடினால், கையில் இருக்கும் நங்கூரக் கயிறு எதுவும் அடியை எட்டாது. நங்கூரத்தை நம்பி வெளியே போகக்கூடிய கடல் இது இல்லை. மேற்படி போட்டில் 40 மீற்றர் கயிறு இருந்தது. அது நிலாவெளிப் பக்கத்து ஆழம் குறைந்த இடங்களுக்குப் போதும்.

போட்டும் இஞ்சினும்

இஞ்சின் பெற்றோலில் ஓடுவது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறிய பிறகு மண்ணெண்ணெய் இஞ்சினின் பழைய சிக்கனக் கணக்கு தேய்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் இஞ்சின் என்றால் பெற்றோலில் தொடக்கி, சூடேறிய பின் மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு வந்து குழாயைக் கழுவவேண்டிய வேலையும் இருக்கிறது. அந்தத் தொல்லை இங்கே இல்லை.

பூட்டுதலில் பெரிய குறை எதுவும் இல்லை. பின்பலகை 20 அங்குலம், இஞ்சின் நீளத்தண்டு, இரண்டும் பொருந்தின. புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு, போட்டின் அடிமட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. அது சரியான இடம். தட்டு மேலே ஏறினால் திரும்பும்போதும் அலை முகட்டிலும் புரொப்பெல்லர் காற்றை இழுத்து வெறுமனே சுழலும், மிகவும் கீழே போனால் தண்ணீர் தெறித்து வேகம் குறையும். கைத்திருகு இரண்டோடு விடாமல் பின்பலகை வழியாக ஆணிகளும் போட்டிருந்தார்கள். எழுபது கிலோவுக்கு மேல் எடையுள்ள இஞ்சினைக் கைத்திருகை மட்டும் நம்பித் தொங்கவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதல் சில மணி நேர அதிர்வில் புது ஃபைபர் கொஞ்சம் அமுங்கும், திருகு தளரும். இந்தப் போட்டிலும் கரை வந்த பிறகு பார்த்தபோது இரண்டு கைத்திருகும் கால் சுற்று இறுகின.

எரிபொருள் இஞ்சினோடு குழாயால் கொழுவும் 24 லீற்றர் ரின் ஒன்றிலும் 20 லீற்றர் கான் ஒன்றிலும், மொத்தம் 44 லீற்றர். கலவை 25க்கு 1. அதாவது ரின்னுக்கு 960 மில்லிலீற்றர் ஒயில், கானுக்கு 800. புது இரண்டடி இஞ்சினுக்கு முதல் 10 மணி நேரம் இந்தக் கனமான கலவை, அதன் பின் 50க்கு 1 என்பது பரவலான முறை. அவரவர் இஞ்சினின் கைநூல் வேறு சொன்னால் அதுதான் முடிவு. ஒயிலை மூன்றிலொரு பங்கு பெற்றோலில் ஊற்றிக் குலுக்கிக் கரைத்துவிட்டு மிச்சத்தை நிரப்ப வேண்டும். நிறைந்த ரின்னில் மேலே ஒயிலை ஊற்றினால் அது அடியில் தங்கும், முதல் அரை மணிக்குப் புகையும் பிறகு வறட்சியும் வரும். ஒயில் டி.சி.-டபிள்யூ 3 தரம், அதாவது தண்ணீரால் குளிரும் இஞ்சினுக்கென்று சாம்பல் விடாமல் எரியும்படி செய்தது. மோட்டார் சைக்கிளுக்கு விற்கும் 2ரி ஒயில் மலிவு என்று ஊற்றினால் பிளக் முனையில் சாம்பல் பாலம் கட்டும், பிஸ்ரன் ரிங் ஒட்டும். இவர்கள் சரியான ஒயிலைத்தான் வாங்கியிருந்தார்கள். பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது அந்தச் செலவு வீண் போகவில்லை.

ஓட்டிப் பழக்கும் ஒழுங்கு

புது இஞ்சினின் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உராய்ந்து இணங்குவதற்குச் சில மணி நேரம் வேண்டும். ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவதும் கெடுதல், தொடக்கத்திலேயே முழு வேகம் கொடுப்பதும் கெடுதல். முதல் பத்து நிமிடம் மிகக் குறைந்த வேகம். அடுத்த ஐம்பது நிமிடம் அரைக்கு மேல் போகக்கூடாது, ஏறக்குறைய நிமிடத்துக்கு 3000 சுற்று, அதையும் அவ்வப்போது ஏற்றி இறக்க வேண்டும். இரண்டாவது மணி முக்கால் வரை, சுமார் 4000 சுற்று. இடையில் ஒரு நிமிடம் முழு வேகம் கொடுத்துப் பார்க்கலாம், பின் பத்து நிமிடம் குறைத்து ஆறவிட வேண்டும். மூன்றாவதிலிருந்து பத்தாவது மணி வரை முழு வேகத்தைத் தொடர்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது.

இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கப் போதுமான இடம் திருகோணமலையில் இருக்கிறது. துறைமுகத்தின் உட்பக்கமோ புறாமலைத் தீவுக்கும் நிலாவெளிக் கரைக்கும் இடைப்பட்ட நீரோ, கரை கண்ணில் படும் தூரத்திலேயே பத்து மணியையும் முடிக்கலாம். (புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா. அதன் பவளப்பாறைப் பக்கம் நெருங்காமல் ஓட வேண்டும்.) ஒரு மணி ஓட்டத்தோடு ஒன்பது மைல் வெளியே போனதை எங்கள் பார்வையில் இந்த நிகழ்வின் முதல் தவறாக வைக்க வேண்டும். இஞ்சின் அதனால் கெடவில்லைதான். ஆனால் எரிபொருள் குழாயிலோ பூட்டிலோ உள்ள குறைகள் முதல் பத்து மணிக்குள்தான் பெரும்பாலும் தலைகாட்டும். அந்தத் தலைகாட்டல் எங்கே நடக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது ஓட்டுபவர் கையில்.

அன்று நடந்தது

5.15க்குப் புறப்பாடு. அரை வேகத்தில் 12 நொட் (மணிக்கு 12 கடல் மைல்) வந்தது. காற்று பின்னால், கடல் தட்டை. 6 மணிக்கு ஒன்பதாவது மைலில் வேகத்தைக் குறைத்துத் தூண்டில் விட்டார்கள். அதுவரை செலவு 7 லீற்றர்.

குறைந்த வேகத்தில் போட் பக்கவாட்டில் உருளத் தொடங்கியது. ரின்னின் மூடியில் உள்ளே காற்றுப் போவதற்கென்று இருக்கும் காற்றுத் திருகு வழியாகப் பெற்றோல் துளித்துளியாகக் கசிந்து, தெறித்த உப்புநீரும் மூடியில் நின்றது. "தம்பி, அந்தத் திருகைக் கொஞ்சம் பூட்டிவிடு, தண்ணி உள்ள போயிடும்" என்றார் ஓட்டுபவர். உதவிக்கு வந்தவர் இறுகப் பூட்டினார். அந்த நேரத்துக்கு அது நியாயமான கவலை. பெற்றோலில் உப்புநீர் கலந்தால் காபரேட்டர் கெடும்.

பிறகு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மெல்லிய ஓட்டம். அதில் 5 லீற்றர் போயிருக்கும். வெளிக்காற்று உள்ளே வர வழியில்லாத ரின்னில், எடுத்த ஒவ்வொரு லீற்றருக்கும் ஈடாக உள்ளழுத்தம் குறைந்துகொண்டே போனது. குறைந்த வேகத்தில் இஞ்சினுக்குத் தேவையான பெற்றோல் கொஞ்சம், எரிபொருள் பம்பு எப்படியோ இழுத்துக்கொண்டது. எனவே எந்த அறிகுறியும் தெரியவில்லை. இந்தக் கோளாறின் நயவஞ்சகம் இதுதான். ஆபத்தில்லாத வேகத்தில் ஒளிந்திருக்கும், வீட்டுக்குத் திரும்ப வேகம் கொடுக்கும்போதுதான் வெளிப்படும்.

7.50க்கு முகப்பைக் கரைக்குத் திருப்பி வேகம் கொடுத்தார்கள். இரண்டு நிமிடத்தில் சுற்று விழுந்து இஞ்சின் நின்றது. ரின்னிலிருந்து வரும் குழாயிலுள்ள ரப்பர் கைப்பம்பை அமுக்கியதும் பிடித்தது, மறுபடி நின்றது. மூன்றாம் முறை ஓட்டுபவர் அணையாமல் இருக்கட்டும் என்று முழு வேகத்துக்கு இழுத்துப் பிடித்தார். சுற்று ஒரு கணம் உச்சத்துக்கு ஏறிச் செத்தது.

இரண்டடி இஞ்சினில் செய்யவே கூடாதது அந்தக் கடைசிச் செயல். இந்த இஞ்சினுக்கு ஒயில் தனியாக வருவதில்லை, பெற்றோலோடு சேர்ந்துதான் வருகிறது. பெற்றோல் குறைந்தால் கலவை வறண்டு சூடு ஏறும், அதே கணத்தில் ஒயிலும் குறையும். பிஸ்ரன் தலை உருகுவதும் வெளிப்போக்குப் பக்கம் கீறுவதும் இப்படித்தான். நிற்பதற்கு முன் சுற்று திடீரென ஏறுவது வறண்ட கலவையின் அடையாளம். அதைக் கேட்டதும் கை வேகத்தைக் குறைக்க வேண்டும்.

தவறான இடத்தில் தேடல்

நின்ற இஞ்சினின் மூடியைத் திறந்து பிளக்கைக் கழற்றினார்கள். கடற்கரையில் எல்லோருடைய கையும் முதலில் பிளக்குக்குத்தான் போகும். புதுப் பிளக் போட்டு இழுத்தார்கள், ஒரு தரம் பிடித்து நின்றது. குளிர்நீர் வெளிவரும் துவாரத்தைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள், அதுவும் சுத்தம். இதில் அரை மணி போயிற்று.

சரியான வரிசை வேறு. கைப்பம்பைத் தொட்டுப் பார்ப்பதில் தொடங்க வேண்டும். பம்பு சப்பையாக உட்கார்ந்து நிமிராமல் இருந்தால் கோளாறு பம்புக்கும் ரின்னுக்கும் இடையில், அதாவது காற்றுத் திருகு, ரின்னுக்குள் உறிஞ்சும் குழாய், அதன் வலை ஆகியவற்றில் ஒன்றில். பம்பு கல்லுப்போல் இறுகி நின்றும் இஞ்சின் ஓடவில்லை என்றால் கோளாறு இஞ்சின் பக்கம், அப்போதுதான் காபரேட்டரும் பிளக்கும். எவ்வளவு அமுக்கினாலும் இறுகாமல் மெத்தென்று இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, பெரும்பாலும் குழாய் முனையைப் பூட்டும் கொழுவியின் ரப்பர் வளையம். புதுக் குழாயில் பம்பைத் தலைகீழாகப் பூட்டியிருக்கவும் கூடும், அதன் மேலுள்ள அம்புக்குறி இஞ்சினைப் பார்க்க வேண்டும். இவ்வளவும் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இவர்கள் கண்டுபிடித்தது கண்ணால். பிளாஸ்ரிக் ரின்னின் இரண்டு பக்கமும் உள்வாங்கி நின்றதை உதவியாளர் கவனித்து, "அண்ணே, ரின் சப்பிப் போச்சு" என்றார். திருகைத் தளர்த்தியதும் காற்று சீறிக்கொண்டு உள்ளே போனது. கைப்பம்பு நிமிர்ந்தது. 8.40க்கு இஞ்சின் ஓடியது.

மிதந்த ஐம்பது நிமிடம்

முதலில் நங்கூரத்தைப் போட்டார்கள். கயிறு முழுவதும் ஓடித் தொங்கியது. அதை அப்படியே விட்டதில் ஒரு சிறு பயன், முகப்பு கொஞ்சம் காற்றைப் பார்த்து நின்றது. அதற்குள் காற்று 12 நொட்டுக்கு மேல், போட்டின் நகர்வு ஏறக்குறைய 1.3 நொட். ஐம்பது நிமிடத்தில் ஒரு கடல் மைலுக்கு மேல் வெளியே போயிருந்தார்கள். கையில் ஜி.பி.எஸ். இருந்ததால் இந்தக் கணக்கு தெரிந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, தண்ணீரோடு சேர்ந்து நகரும் போட்டில் இருப்பவருக்குத் தான் நகர்வதே தெரியாது.

இந்தக் கடலுக்கு வேண்டியது மிதக்கும் நங்கூரம். கன்வஸ் துணியில் 60 முதல் 75 சென்ரிமீற்றர் வாய் வைத்துத் தைத்த கூம்பு, வாலில் சிறு துளை, 30 மீற்றருக்குக் குறையாத கயிறு, முகப்பில் கட்டு. இது போட்டை முழுதாக நிறுத்தாது, நகர்வைக் கணிசமாகக் குறைத்து முகப்பை அலைக்கு நேராகப் பிடிக்கும். பக்கவாட்டில் அலை வாங்கும் போட்டில் இஞ்சின் மூடியைத் திறந்து வேலை பார்ப்பது அரை வேலைதான், திருகு ஒன்று கடலில் விழுந்தால் அதுவும் இல்லை. கூம்பு இல்லாத அவசரத்துக்கு 20 லீற்றர் வாளி ஒன்றைக் கைப்பிடியோடு கட்டி விடலாம். கைப்பிடி கழன்றுவிடும் என்பதால் கயிற்றை வாளியின் உடம்பையும் சுற்றிக் கட்ட வேண்டும்.

போட்டில் வி.எச்.எஃப். வானொலித் தொடர்புக் கருவி இருக்கவில்லை, இரண்டு கைத்தொலைபேசிகள் இருந்தன. அந்தத் தூரத்தில் சமிக்ஞை வந்து வந்து போனது. கையில் பிடிக்கும் வி.எச்.எஃப். ஒன்று இருந்தால் 16ஆம் அலைவரிசையில் சுற்றிலுமுள்ள எந்தக் கப்பலையும் கூப்பிடலாம். துறைமுகமும் கடற்படைத் தளமும் உள்ள கடலில் அதைக் கேட்கும் காதுகளுக்குக் குறைவில்லை. இன்னும் மலிவான காப்பு, இரண்டாவது போட் ஒன்றோடு சேர்ந்து போவது. முதல் வெளி ஓட்டத்துக்கு அதைக் கட்டாயம் என்றே வைப்போம்.

திரும்பும் கணக்கு

போகும்போது 9 மைலுக்கு 45 நிமிடமும் 7 லீற்றரும். திரும்பும்போது 10 மைலுக்கும் சற்று மேல், எதிர்க்காற்று, குறுகிய அலை. அரை வேகத்தில் 5 நொட்தான் கிடைத்தது. புது இஞ்சின், அதுவும் இப்போதுதான் வறண்டு ஓடியது என்பதால் வேகம் கூட்டவும் முடியாது. இரண்டு மணிக்கு மேல் ஓடி 19 லீற்றர் செலவாயிற்று. கரை தொட்டபோது மிச்சம் 13 லீற்றர்.

மூன்றிலொரு பங்கு போக, மூன்றிலொரு பங்கு வர, மூன்றிலொரு பங்கு கையிருப்பு என்ற பழைய விதி பரவலாகத் தெரிந்தது. இங்கே போகவும் தொழிலுக்கும் சேர்த்து 12 லீற்றர்தான் ஆயிற்று, விதிக்குள் அடங்கிய செலவு. ஆனாலும் திரும்புவது கையிருப்பில் கைவைத்தது. கச்சான் காலத்தில் போகும் பயணம் காற்றோடும் வரும் பயணம் காற்றுக்கு எதிராகவும் இருப்பதால், பாதி வழியை அளந்து இரண்டால் பெருக்கும் கணக்கு செல்லாது. வெளியே போகவும் தொழிலுக்கும் மொத்தத்தில் காற்பங்கு மட்டும் என்று வைத்தால் பொருந்தும். 44 லீற்றருக்கு அது 11.

இன்னொன்று, நடுக்கடலில் கானிலிருந்து ரின்னுக்கு ஊற்ற நேர்ந்தது. அலையில் ஆடும் போட்டில் வாய் அகன்ற புனலும் நீர் பிரிக்கும் வடியும் இல்லாமல் ஊற்றினால் பாதி போட்டுக்குள், கொஞ்சம் உப்புநீர் ரின்னுக்குள். இரண்டாவதும் கொழுவியுள்ள ரின்னாகவே இருந்தால் குழாயை மாற்றிக் கொழுவினால் போதும். ஒரு ரின்னில் கோளாறு என்ற சந்தேகத்தையும் அரை நிமிடத்தில் தீர்த்துவிடலாம். அன்று இருந்திருந்தால் ஐம்பது நிமிடம் ஐந்து நிமிடமாகியிருக்கும்.

கரையில் பார்த்தவை

நன்னீரில் பதினைந்து நிமிடம் ஓட்டிக் கழுவிய பிறகு, மிதந்தபோது கழற்றி வைத்த பழைய பிளக்குகளை வெளிச்சத்தில் பார்த்தார்கள். 25க்கு 1 கலவையில் ஓடும் புது இஞ்சினின் பிளக் கறுத்து ஈரமாக இருப்பது இயல்பு. இதில் மேல் சிலிண்டரின் பிளக் மட்டும் வெளிறியிருந்தது. வெள்ளைப் பீங்கானில் மணல்போல் மின்னும் உலோகப் பொட்டுகள் இருந்தால் பிஸ்ரன் உருகத் தொடங்கியது என்று பொருள். அவை இல்லை. அழுத்தம் அளந்ததில் சிலிண்டர்களுக்கிடையே வேறுபாடு பத்து வீதத்துக்குள். பிளக் துவாரத்தால் விளக்கடித்துப் பார்த்ததில் சுவரில் கீறல் தெரியவில்லை. கனமான ஒயில் கலவைதான் அந்த மூன்று வறண்ட ஓட்டங்களைத் தாங்கியிருக்க வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. 50க்கு 1இல் இதே கதை வேறாக முடிந்திருக்கலாம்.

திருகு விடயத்தில் செய்தது எளிமையானது. ரின்னை முகப்புப் பக்கத்திலிருந்து எடுத்து, தெறிப்பு விழாத நடுப்பகுதியில் பட்டியால் கட்டினார்கள். கழுத்து மட்டும் நிரப்பாமல் மேலே நான்கு விரல் இடம் விட்டார்கள், அதோடு கசிவு நின்றது. திருகைப் பூட்ட வேண்டிய தேவையே போயிற்று.

பத்து மணி முடிந்த பின் இரண்டு பேர், ஐஸ்பெட்டி, தூண்டிலோடு முழு வேகம் கொடுத்ததில் 4300 சுற்றுக்கு மேல் ஏறவில்லை. இந்த இஞ்சினுக்கு 4500க்கும் 5500க்கும் இடையில் வர வேண்டும். அதற்குக் கீழே முழு வேகத்தில் திணறிக்கொண்டு ஓடுவது பாரம் ஏற்றிய லொறியை ரொப் கியரில் மேடேற்றுவது மாதிரி, சூடும் கரியும் கூடும். புரொப்பெல்லரின் பிற்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம், 13 அங்குலமாக இருந்ததை 11க்கு மாற்றினார்கள். ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று கூடும். 4650 வந்தது.

அதே நாளில் கியர் ஒயிலும் மாற்றப்பட்டது. கீழ்த் திருகைக் கழற்றிவிட்டு மேல்த் திருகையும் திறந்தால்தான் முழுதாக வடியும், நிரப்புவது கீழிருந்து மேலே, மேல்த் துளையில் வழியும் வரை. மேல்த் திருகை முதலில் பூட்டிய பிறகே கீழ்க் குழாயை எடுக்க வேண்டும். வடிந்த ஒயில் கறுத்து, காந்த முனையில் மெல்லிய உலோகத் தூள் ஒட்டியிருந்தது, முதல் ஒயிலில் அது இயல்பு. பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போகிறது என்று பொருள், போட்டை இறக்கவே கூடாது. திருகுகளின் வளையங்களைப் புதிதாகப் போட்டுப் பூட்டி, அடுத்த ரின்னுக்கு 480 மில்லிலீற்றர் ஒயில் அளந்து கலந்தார்கள்.